பட்டனை அமுக்கிய மச்சான்

இணையம் எங்கள் பக்கம் புதிதாக வந்திருந்த நேரம். சூலூரிலிருந்து கோவைக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் ஒரு தறிக்காரர் நண்பரிடம் பொருமிக்கொண்டிருந்தார்.

“கையெழுத்தே போடாம ஒப்பந்தம் ஆகுமுங்களா? வெளிநாட்டுக் கம்பெனி துண்டு ஆர்டருக்கு நான் பத்திரம் வாங்கப் போயிருந்தனுங்க. அதுக்குள்ள என்ற மச்சான் கம்ப்யூட்டர் சென்டர்ல ‘சம்மதம்’ங்கற பட்டனை அமுக்கி அவன் பேருக்கு ஆர்டரை வாங்கிப்போட்டானுங்க.”

“வக்கீலு என்னங்க சொன்னாரு?”

“படிச்சுப் பார்த்து அமுக்குனா கையெழுத்து மாதிரித்தானாம். ஆனா கோர்ட்டுல நிக்குமான்னு அவருக்கே தெரியலீங்க. செல்லாதுன்னு அந்தக் கம்பெனிக்கே எழுதப் போறனுங்க.”

“அவங்க ஒத்துக்கிட்டா ஆர்டர் உங்களுக்கு வந்துருமுங்களா?”



“வராதுங்க. அவனுக்கும் இல்லாம போயிருமில்லீங்க.”