முதல் நூறு பேருக்கு வாளி

...அதான் கேக்குறேன் மாமா, எந்தக் கழுதை ரேடியோவுக்கு ஃபோன் பண்ணி, "மியூசியத்துல வாளி தர்றோம்"னு சொல்லிச்சு? அது மட்டும் என் கையில மாட்டுச்சு... சரி, விடுங்க. நீங்கதான் வரிசையில மொத ஆளு. அதான் உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பியிருக்காங்க. என் பேரு ஹில்லா. உள்ள மாட்டியிருக்கிற படமெல்லாம் எங்கம்மா மெர்வி போட்டது. பன்னெண்டு மணிக்குத் திறப்பு. இப்ப பதினொண்ணே முக்கால். மைனஸ் பதினாலு டிகிரி. என் மூக்கு இருக்கான்னு இப்பத்தான் தொட்டுப் பாத்தேன். இருக்கு.

என்ன சொல்ல வந்தேன்னா... இருங்க, ரைமோவைத் தெரியும்ல? மியூசியத் தலைவரு. "ஆமா"ங்கறதைக்கூட மூச்சை உள்ள இழுத்துக்கிட்டே "ஹ்ஹாமா"ம்பாரு. அதே மாதிரி பேசுறேன், கேளுங்க. "ம்ம்ம்... ஹில்லா... வெளியில நானூறு பேரு... ஹ்ஹாமா... நாப்பது வருஷத்துல மொத்தமாவே... அவ்ளோ பேரு வந்ததில்ல... போய்... சொல்லிடு." எப்படி? அச்சு அசல் அவரேதான்ல?

நீங்களும் "ஹ்ஹாமா"வா! சரியாப் போச்சு.

இல்ல, உங்களையெல்லாம் எனக்குப் புரியவே மாட்டேங்குது மாமா. போன வருஷம் ஆணிக்கடை திறந்தப்போ வாளி குடுத்தான். விடியறதுக்கு முன்னாடியே மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்க்குமா வந்து உக்காந்துட்டீங்க. உங்க வீட்ல எத்தனை வாளி இருக்கு? அஞ்சு? ஏழு? கீழ பாக்குறீங்க, அப்ப பத்துக்கு மேல. அந்தப் பத்து வாளிய வச்சு என்னதான்... சரி, உங்க வாளி, உங்க இஷ்டம்.

ஆனா அம்மா வரைஞ்சிருக்கறதும் அதைத்தான்! பாப் ஆர்ட்டு. பளீர்னு கலரு. ஒரே காப்பிக் கோப்பை, ஒம்பது தடவை, ஒம்பது கலர்ல. பஸ் ஸ்டாப்புல அஞ்சு பேரு, ஆளுக்காளு ரெண்டு மீட்டர் தள்ளி, எல்லாருமே ரோஸ் கலர். அப்புறம் ஒரு பெரிய படம். நாட்டுச் சின்னத்துல ஒரு சிங்கம் வாளைத் தூக்கிக்கிட்டு நிக்குதே, அந்தச் சிங்கம். இந்தக் குளிருக்கு ஒரு சிங்கம் தாங்குமா மாமா? வந்த அன்னைக்கே வெறைச்சிடும். அம்மா அது கையில இருந்த வாளைப் பிடுங்கிட்டு வாளியைக் குடுத்துட்டாங்க. மஞ்ச வாளி. இன்னொரு கையில டோக்கன், நம்பர் எம்பத்தேழு. தலைக்கு மேல பலகையில ஓடுறது பன்னெண்டு. படத்துக்குப் பேரு "நாம்". ஃபின்லாந்துக்காரங்க யாருன்னு கேட்டா இதான் பதிலாம்.

மீசைல பனி அசைஞ்சுது. சிரிச்சீங்க. நான் பாத்துட்டேன்.

அந்தப் படத்துக்காக எங்கப்பா பட்ட பாடு இருக்கே! ஆறு வருஷம். அச்சடிச்ச தாளைக் காயப்போட அம்மாவுக்குக் கெடைச்ச எடம் எங்க வீட்டு சவுனா, ஆவியில குளிக்கிற ரூமு. பலகை பூரா ஈரச் சிங்கம். அப்பா குளிக்க எடம் கேட்டு, இடுப்புல துண்டோட பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவாரு. "பொண்டாட்டி ஓடிப்போனவன்கூட சவுனாவுல உக்காந்து அழுதுக்கலாம். எனக்கு அதுக்கும் வழியில்லையே, தம்பி!"

சரி. விஷயம். ரைமோ போன வாரமே அம்மாகிட்ட சொல்லிட்டாரு. "சனிக்கிழமை... உள்ள ஆளு இல்லேன்னா... திங்கக்கிழமைலேருந்து... ஹ்ஹாமா... பஞ்சடைச்ச பறவைங்க." புரியுதா? அம்மா படத்தைக் கழட்டிட்டு அந்த எடத்துல செத்த ஆந்தையை வைப்பாங்களாம்! அப்படி நடந்தா இனிமே படமே போடப்போறதில்ல, அச்சடிக்கிற சட்டமெல்லாம் குப்பைக்குத்தான்னு அம்மா சொல்லிட்டாங்க. கத்தலை. காப்பி கலக்கிக்கிட்டே சொன்னாங்க. கத்தியிருந்தா நான் பயந்திருக்க மாட்டேன்.

ஏன்னா போன தடவை நூலகத்துல கண்காட்சி வச்சாங்க. வந்தது மூணு பேரு. நான், அப்பா, அப்புறம் கழிப்பறை எங்கன்னு கேட்டு ஒருத்தர். அம்மா அறுபது புல்லா பன்னு சுட்டு வச்சிருந்தாங்க, பட்டையும் ஏலக்காயும் போட்டு. ரெண்டு வாரம் அதையே தின்னோம். இப்பவும் பட்டை வாசம் வந்தா நான் ஓடிப்போயி ஜன்னலைத் திறந்துடுவேன். அன்னிக்கு அம்மாவே படத்தைக் கழட்டினாங்க. சுவத்துல ஆணி ஓட்டையை எல்லாம் பற்பசை வச்சு அடைச்சாங்க. ஒவ்வொண்ணா. அப்புறம் விரலால தடவிப் பாத்தாங்க.

...குளுருல கண்ணுல தண்ணி வருது, அவ்ளோதான். நீங்க அங்கிட்டுப் பாருங்க.

ஆமா, ரேடியோ! கேட்டீங்கள்ல? "கோர்பிமாக்கி நகர மக்களுக்கு ஓர் இனிய அறிவிப்பு! சனிக்கிழமை, முதலில் வரும் நூறு பேருக்கு, வாளி!" அந்த ரேடியோக்காரம்மா வாளிங்கறதை எவ்ளோ தேனாச் சொன்னாங்க! ஃபோன்லயும் அப்படித்தான் பேசினாங்க. "ரைமோ, முதுகுவலி எப்படி இருக்கு?"ன்னு கேட்டாங்க. நான் ஒரு செகண்டு கூட யோசிக்கல. "ம்ம்ம்... அப்படியேதான்... ஹ்ஹாமா..."

அய்யோ.

சொல்லிட்டேனா?

...ஆமா மாமா. ரைமோ குரல்ல ஃபோன் பண்ணின அந்தக் கழுதை நான்தான். ஒரு முப்பது பேரு வருவாங்க, உள்ள சூடா இருக்கும், அப்படியே படத்தைப் பாப்பாங்கன்னு நெனச்சேன். நானூறு பேரு வருவீங்கன்னு எனக்கென்ன கனவா வந்துச்சு? வாளி இல்ல. ஒண்ணுகூட இல்ல. இதைச் சொல்லத்தான் வந்தேன். உங்களுக்குப் பின்னாடி நிக்கிறவர்கிட்டயும் சொல்லிட்டுப் போயிடுங்க. ரைமோகிட்ட மட்டும் சொல்லாதீங்க... சரி, சொன்னா சொல்லிக்குங்க.

சொல்லிட்டீங்களா? ஆங், அவரு அடுத்தவர்கிட்ட சொல்றாரு... அந்தப் பச்சைத் தொப்பி வரைக்கும் போயிடுச்சு... மருந்துக்கடை முக்கு வரைக்கும் போயிடுச்சு. முடிஞ்சுது. ஆந்தைதான்.

ஏன் யாரும் நகர மாட்டேங்குறீங்க?

மாமா, வாளி இல்லேன்னேன். காது கேக்குதா? ஓ... நாலு மணி நேரம் நின்னாச்சு, அதனாலயா? மொத ஆளா வரிசையை விட்டுப் போனா மத்தவங்க பாப்பாங்களேன்னு, அதானே? நானூறு பேரும் அதுக்கா நிக்கிறீங்க? நீங்களேதான் அந்தச் சிங்கம்! எங்கம்மா ஒரு மேதை!

கதவு... கதவு திறந்துட்டாங்க. மாமா, கால்மிதியில பூட்சைத் தட்டிட்டு... இடது பக்கம் காப்பிக் கோப்பை, அந்தா நேரா சிங்கம். பாருங்க, நல்லாப் பாருங்க. கிட்டப் போயிப் பாக்குறாரு! அம்மா, ஒருத்தர் கிட்டப் போயிப் பாக்குறாரு! மாமா, எங்க குனியிறீங்க? அய்யய்யோ, அது படத்தோட சேத்தி இல்ல! சூட்டுல கூரைப்பனி உருகி ஒழுகுதுன்னு ரைமோ வச்ச வாளி! தண்ணிய ஏன் பூந்தொட்டியில ஊத்துறீங்க? மாமா! ஒரு வார்த்தையாவது... மாமா, அதை வெளிய தூக்கிட்டுப் போகாதீங்க, எல்லாரும் பாக்குறாங்க!

போயிட்டாரு. வாளியோட, நடு வாசல் வழியா, நானூறு பேரு கண்ணு முன்னாடி. இனி உள்ள வாளி இல்லேன்னா யாரு நம்புவாங்க?

...அம்மா. அம்மா! எல்லாரும் உள்ள வர்றாங்க. படத்துக்கு முன்னாடி பாக்குறாங்க, பின்னாடி தூக்கிப் பாக்குறாங்க, ஒண்ணு விடாம பாக்குறாங்க. அழாதம்மா, ஓடு, ஓடிப் போயி அடுப்பை மூட்டு!

அறுபது புல்லா பத்தாது!