அய்யாவு கேட்ட குழாய்

முனிராஜ் சார், உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் ஃபேன் இவ்வளவு நன்றாகச் சுற்றும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் என் அறைக்கு ஃபேனே கிடையாது. ஆனாலும் அழுதுகொண்டு உள்ளே வருகிறவர்கள் டீ குடித்துவிட்டுத்தான் போவார்கள். அதுதான் என் வேலை. இனிக் குணமாகாது என்று டாக்டர்கள் கைவிரித்த நோயாளியையும் குடும்பத்தையும் உட்காரவைத்து, கடைசி நேரத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே பேசி முடிவெடுக்க வைப்பது. பிரிசில்லா பேசினால் சாவுகூடக் கல்யாணப் பேச்சு மாதிரி ஆகிவிடும் என்று நர்ஸுகள் கிண்டலடிப்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை.

அய்யாவு கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். கல்தூசியில் நுரையீரல் போயிருந்தது, வெடிச்சத்தத்தில் காது போயிருந்தது. ஆனேக்கல்லில் மகள் உதயா வீட்டில், மனைவி தாயம்மாவோடு இருந்தார். அந்தக் குடும்பத்தை வழிக்குக் கொண்டுவருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. தாயம்மா என் முகத்தைப் பார்க்கவே மாட்டேன் என்றார். உதயா சண்டைக்கே வந்தாள். விடாமல் பேசினேன். ஒருநாள் அய்யாவு தானாகவே சொன்னார்.

"கொழாயெல்லாம் வோணாம்மா. வூட்லயே போய்ச் சேர்றேன்."

தொண்டைக்குள் குழாய் விட்டு வென்டிலேட்டரில் போடுவதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். கையெழுத்து ஆனது. அன்று எல்லோரும் சிரித்துக்கொண்டே டீ குடித்தோம். அவரை எந்தச் சட்டையில் அடக்கம் செய்வது என்று அப்பாவுக்கும் மகளுக்கும் செல்லச் சண்டை வேறு. அவ்வளவு அழகாக அமைந்த முடிவு அது, சார்.

கொஞ்ச நாளில் நெஞ்சில் சளி கட்டி மறுபடியும் வந்தார். டாக்டர் ரகுராம் சிவமொக்காக்காரர், தமிழ் வராது. அய்யாவுக்கோ காதோடு வாய் வைத்துப் பேசினால்தான் கேட்கும். நடுவில் நான். தாயம்மாவும் உதயாவும் சாப்பிடக் கீழே போயிருந்தார்கள். "குழாய் போட்டால் இந்தத் தடவை பிழைத்துக்கொள்ளலாம். எதற்கும் இன்னொரு முறை கேட்டுவிடுங்கள்" என்றார் டாக்டர், கன்னடத்தில்.

கேட்டேன். கேட்காமல் விடவில்லை. அய்யாவு மாஸ்க்குக்குள்ளிருந்து முனகியதை, குனிந்து நான் மட்டும்தான் கேட்டேன்.

"பயமா கீதும்மா. கொழாய போடச் சொல்லு."

"ஏன் ஐயா? எல்லாம் பேசி முடிச்சிட்டமே."

"சும்மாதான். இன்னும் கொஞ்ச நாளு இருக்கணும் போல கீது."

சும்மா. பேத்தி கல்யாணத்தைப் பார்க்கணும் என்றிருந்தால்கூட டாக்டரிடம் சொல்லியிருப்பேன். சும்மா என்பதை எந்த பாஷையில் போய்ச் சொல்வது?

"ஏனந்த்ரு?" என்றார் கால்மாட்டில் நின்ற டாக்டர். என்ன சொன்னார் என்று.

"மனெகே ஹோக்பேகந்தெ" என்றேன். வீட்டுக்கே போகவேண்டுமாம்.

டாக்டர் தலையசைத்து, அவர் பாதத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நான் சொல்லிவிட்டேன் என்று நினைத்து அய்யாவு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். ரொம்ப மரியாதையான மனுஷன்.

ஐயா உறுதியாக இருக்கிறார் என்று குடும்பத்திடம் சொன்னேன். அழுதார்கள், ஆனால் தடுமாறவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அய்யாவு என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொழாய் போட்ற ஆஸ்பத்திரிக்காம்மா?" என்றார். ஆமாம் ஐயா என்று காதோடு சொன்னேன். நோயாளியைப் பதற்றப்படுத்தக்கூடாது என்பது பாலபாடம்.

மறுநாள் தாயம்மா போன் செய்தார், குழாய் குழாய் என்கிறாரே என்று. கடைசி நேரத்தில் நினைவு தடுமாறும் அம்மா, தூக்க மருந்தைக் கொடுங்கள் என்றேன். நிறையப் பேருக்குத் தடுமாறும். அது பொய்யில்லை. பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

தொம்மலூரில், இறந்துபோன நோயாளிகளின் குடும்பங்களுக்காக ஆஸ்பத்திரியில் கூட்டம் போட்டபோது தாயம்மாவைப் பேசக் கூப்பிட்டது நான்தான். என்னைக் குற்றம் சொல்ல அவர் வரவில்லை. நன்றி சொல்லத்தான் வந்தார்.

"'அந்தப் பொண்ணாண்ட சொல்லிட்டேன், கொழாயோட வருவாங்கோ'ன்னு சொல்லிகினே அவரு வாசலயே பாத்துகினு கீந்தாரு. நெனப்பு தப்பிப்போச்சின்னு இவங்கோதான் எனுக்குத் தைரியம் சொன்னாங்கோ."

கூட்டத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மேடையில் என் பக்கத்தில் இருந்த டாக்டர் ரகுராம், அந்தம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். என்னிடம் இல்லை, அந்தப் பக்கம் இருந்தவரிடம். அவர் அப்படியே கன்னடத்தில் சொல்லிவிட்டார். மீதி உங்களுக்குத் தெரியும்.

இப்படி வேறு யார் யார் என்று கேட்கிறீர்கள். நான் எண்ணி வைத்துக்கொள்ளவில்லை. கடைசியில் எல்லோருக்கும் பயம் வரத்தான் செய்யும், சார். அதையெல்லாம் டாக்டரிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தால் ஒருத்தரும் நிம்மதியாகப் போகமுடியாது. நீங்கள் கேட்டதை மறைக்காமல் சொல்லிவிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் மாற்றிச் சொன்னேன் என்று மட்டும் எழுதவேண்டாம். நான் சரியாகத்தான் சொன்னேன். தனக்கு என்ன வேண்டும் என்பது அய்யாவுக்குத்தான் தெரியவில்லை.