பெரட்டுக்களத்தில் அடைத்த வாய், கொழுந்து மலையில் திறந்தது

இந்த விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் சுகாதாரப் பணிமனையின் வைத்திய அதிகாரி திலினி அம்மையார் அவர்களே! அவர்களுக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் எங்கள் வெள்ளைப்பாறைத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை அவர்களே! என்னை மேடையேற்றிவிட்டு இப்போது நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கும் எங்கள் பள்ளிக்கூட அதிபர் செல்லசாமி ஐயா அவர்களே! காலையில் தேயிலைக் கொழுந்தெடுத்து, மத்தியானம் நிறுத்துக் கொடுத்து, ஈரச் சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு, உள்ளதில் நல்ல சேலையை உடுத்தி வந்திருக்கும் என் தாய்மார்களே! செடி வெட்டும் கவ்வாத்து மலையிலிருந்து கால் கழுவியும் கழுவாமலும் ஓடி வந்திருக்கும் தகப்பன்மார்களே! கடைசி வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும் தோழிகளே! உங்கள் அனைவருக்கும் சுலக்ஷனா என்ற இந்தத் தோட்டத்துப் பிள்ளையின் பணிவான வணக்கம்.

என்னை நன்றியுரை சொல்ல அழைத்திருக்கிறார்கள். அழகான உரை ஒன்றை எழுதியும் கொடுத்தார்கள். எல்லாம் நிறைவு, எதிலும் குறைவில்லை, எல்லோருக்கும் நன்றி என்று அது முடியும். அதை நான் கொண்டு வரவில்லை.

அதிபர் ஐயா, எழுந்துவிடாதீர்கள். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால், எதற்கு நன்றி என்று சொல்லாமல் சொல்லும் நன்றி ஒரு நன்றியா? யாருக்கு நன்றி என்று தெரியாமல் தட்டும் கை ஒரு கைதட்டலா?

எனக்குப் பயமாக இருக்கிறது. "சத்தமா பேசு புள்ள!" என்கிறார் வீரம்மா அத்தை. பேசுகிறேன் அத்தை. நீங்கள் பேசியதைத்தானே நான் இங்கே சொல்லப்போகிறேன்.

அன்பானவர்களே, இன்று என்ன நாள்? மூடிவிடுவோம் என்று சொன்ன கதவு திறந்த நாள்! ஒழுகிய கூரை ஓய்ந்த நாள்! நமது ஆஸ்பத்திரியின் பிரசவ வார்ட்டு, புதுச் சுண்ணாம்பும் புது விளக்குமாக, பூண்டுலோயாப் பக்கத்து மலைகள் எல்லாம் பார்க்கும்படி பளிச்சென்று நிற்கும் நாள்! இந்த வெற்றி எங்கிருந்து வந்தது? மேலிருந்து வந்ததா? வானத்திலிருந்து விழுந்ததா? இல்லை. அது கொழுந்து மலையிலிருந்து இறங்கி வந்தது. வந்த வழியைச் சொல்கிறேன்.

போன வருடம் சுகாதாரப் பணிமனையிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள்? எங்கே குறை, எங்கே பணம் ஒதுக்க வேண்டும்? கேட்டு அறிய வந்தார்கள். நல்ல மனத்தோடு வந்தார்கள். நல்ல கேள்விகளோடு வந்தார்கள். ஆனால் எந்த இடத்தில் கூட்டம் போட்டார்கள்? பெரட்டுக்களத்தில்!

டவுனிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களுக்குச் சொல்கிறேன். பெரட்டுக்களம் என்பது, காலையில் எங்கள் ஆட்கள் வரிசையில் நின்று, இன்றைக்கு எந்த மலையில் என்ன வேலை என்று கேட்டுக்கொள்ளும் இடம். அங்கே பெயர் கூப்பிடுவார்கள். கருத்துக் கேட்க மாட்டார்கள். அங்கே கட்டளை வரும், கேள்வி வராது. என் அம்மா நின்ற இடம், அம்மாவின் அம்மா நின்ற இடம். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் நின்றவர்கள் சொன்ன பதில் ஒன்றே ஒன்று: "சரிங்க."

அந்த மண்ணில் நாற்காலி போட்டு, துரை அவர்களை நடுவில் உட்கார வைத்து, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி, அதிகாரிகள் கேட்டார்கள்.

"ஒங்க ஆஸ்பத்திரி எப்படி?"

"நல்லா இருக்குங்க."

"மருந்து எல்லாம் கிடைக்குதா?"

"கிடைக்குதுங்க."

"டாக்டர் இருக்காரா?"

"இருக்காருங்க."

சிரிக்கிறீர்கள்! சொன்னது யார்? நீங்கள்தான்! டாக்டர் இருக்கிறார், உண்மைதான். பொழுது சாயும் மட்டும் இருக்கிறார். பொழுது சாய்ந்த பிறகு யார் இருக்கிறார் என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

விளைவு என்ன? பணத்தைப் பிரிக்கும்போது, குறை சொன்ன ஊர்களுக்குப் போனது. அதில் தவறில்லை; அவர்களுக்கும் நோய் உண்டு, அவர்களுக்கும் பிள்ளை உண்டு. வெள்ளைப்பாறையில் குறையே இல்லை, பிரசவமும் குறைவு, ஆகவே பிரசவ வார்ட்டை மூடிவிடலாம், தாய்மார் டவுனுக்கு இறங்கட்டும் என்று முடிவானது. நாம் மரியாதைக்குச் சொன்ன "நல்லா இருக்குங்க", நமது கதவுக்கே பூட்டாகத் திரும்பி வந்தது!

அந்தச் செய்தி வந்தபோது என் அக்கா பிரேமினிக்கு வயிற்றில் ஏழாம் மாதம்.

அக்காவுக்கு அது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளைக்கு இருட்டிய பிறகு வலி கண்டது. இங்கே டாக்டர் இல்லை. கொழுந்து ஏற்றும் லொறியில், சாக்கு விரித்து, டவுனுக்குக் கொண்டு போனோம். பாதி வழியில், மண் சரிந்த வளைவில், பிள்ளை பிறந்தது. அழவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன். அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

அப்படிப்பட்ட அக்காவும் அன்றைக்குப் பெரட்டுக்களத்தில் "நல்லா இருக்குங்க" என்றுதான் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது.

"ஏங்க்கா அப்புடி சொன்ன? ஒனக்குமா நல்லா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அந்த எடத்துல நின்னா வாய்க்கு அதுதான் புள்ள வருது. நான் என்ன செய்ய?" என்றாள்.

சபையோரே, அதைக் கோழைத்தனம் என்று சொல்வீர்களா? நான் சொல்ல மாட்டேன். வாய் அடைத்துப் போகும் இடம் என்று ஒன்று இருந்தால், வாய் திறக்கும் இடம் என்றும் ஒன்று இருக்கத்தானே வேண்டும்? அந்த இடத்தைக் கண்டுபிடித்தவர், கர்ப்பிணிகளைப் பார்க்க மலை மலையாக ஏறி இறங்கும் எங்கள் மருத்துவமாது றொசானா மிஸ். கொழுந்து மலையில், பெண்கள் நிரை பிடித்து நிற்கும்போது, அங்கே பேசாத பேச்சா? மாமியார் கதை, மருமகள் கதை, கணக்கப்பிள்ளையின் புதுச் சட்டைக் கதை! வார்ட்டை மூடப்போகும் கதையும் அங்கேதான் கொதித்துக்கொண்டிருந்தது. அதைக் காதால் கேட்ட றொசானா மிஸ், திலினி அம்மையாரைக் கையோடு மலைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பள்ளிக்கூட விடுமுறை. அக்காவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோன நானும் அங்கே நின்றேன். ஆகவே நான் சொல்வது கேள்விப்பட்டது அல்ல, கண்ணால் கண்டது.

அம்மையாரைத் தூரத்தில் பார்த்ததும் வீரம்மா அத்தை குரலைத் தாழ்த்தவில்லை. "அந்தா பாருங்கடி, மலைக்குக் காலுல சப்பாத்து போட்டுக்கிட்டு வருது! சறுக்கி விழுந்தா எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்குறது? நம்மளதத்தான் மூடுறாங்களே!"

நிரை முழுதும் சிரிப்பு. றொசானா மிஸ் வெலவெலத்துப் போய், "வணக்கம் சொல்றாங்க மேடம்" என்று சிங்களத்தில் சமாளித்தார்.

அம்மையார் என்ன சொன்னார்கள் தெரியுமா? "நான் வவுனியாவில வேல செஞ்சது. தமிழ் கொஞ்சம் விளங்கும். அவங்க வணக்கம் சொன்னது இல்ல!"

இன்றைக்குச் சிரிக்கிறோம். அன்றைக்குப் பெண்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பப் போனார்கள். அப்போதுதான் அம்மையார் அந்த வார்த்தையைச் சொன்னார்கள். "திரும்ப வேணாம். கையை நிப்பாட்டவும் வேணாம். கிலோ கொறஞ்சா ஒங்களுக்குத்தானே அரைப்பேர்? நீங்க கொழுந்து எடுங்க. நான் பின்னால நடக்குறேன்."

அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். அது அந்த அம்மையாருக்குத் தெரிந்திருந்தது! தாய்மார்களே, உங்கள் முதுகுகள் அன்று தளர்ந்ததை நான் பார்த்தேன். முகம் தேயிலையைப் பார்த்தது. கை கொழுந்தைப் பார்த்தது. வாய் மட்டும் திறந்தது!

"கட்டிலு மேல மழத்தண்ணி ஒழுகுது மிஸ். கொடய புடிச்சுக்கிட்டா புள்ள பெக்குறது?"

"ராவுல கதவத் தட்டுனா வாச்சர் வாராரு. பாவம், அந்த மனுசன் என்னத்தப் பாப்பாரு?"

"மாத்திரையில சிங்களத்துல எழுதியிருக்கு. காலையிலயா ராவுலயான்னு எங்களுக்கு எப்புடித் தெரியும்?"

குறை மட்டுமா சொன்னார்கள்? ஒரு குரல் சொன்னது: "சும்மா திட்டாதீங்கடி. எங்கப்பாவுக்குச் சீனி வருத்தத்துக்கு ஒரு சதம் வாங்காம மருந்து குடுக்குறாங்க. அது இல்லாட்டி அவரு இன்னேரம் இல்ல. நல்ல ஆஸ்பத்திரி, அதத்தான் மூடாதீங்கங்கிறோம்!" நண்பர்களே, எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பெரியவர்கள் அரசாங்க வைத்தியத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சுகளை எல்லாம் ஒரு பக்கம் வையுங்கள். திட்டும்போது திட்டி, நன்றி சொல்லும்போது நன்றி சொன்ன அந்த ஒரு நிரையின் பேச்சை மறு பக்கம் வையுங்கள். எதில் கனம் அதிகம்?

"அப்ப ஏன் அன்னைக்குச் சொல்லல்ல?" என்று அம்மையார் கேட்டார்கள்.

"அங்க தொர இருந்தாங்க மிஸ்," என்றார் வீரம்மா அத்தை.

துரை அவர்களே, கோபிக்க வேண்டாம். நீங்கள் யாரையும் மிரட்டவில்லை. நீங்கள் அங்கே உட்கார்ந்திருந்தீர்கள். அவ்வளவுதான். அதுவே போதுமாக இருந்தது.

அதன் பிறகுதான் அக்கா பேசினாள். திரும்பவில்லை. குரலும் உயரவில்லை. "போன புள்ளய லொறியில பெத்தேன் மிஸ். இத ஒரு கட்டில்ல பெக்கணும். வேற ஒண்ணும் கேக்கல."

பின்னால் வந்த சப்பாத்துச் சத்தம் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். பெரிய அதிகாரி, தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அம்மையார் பணிமனையில் யாரிடம் பேசினார்கள், எப்படி வாதாடினார்கள், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இதுதான்: கதவு மூடப்படவில்லை! தச்சு வேலைப் பாஸ்மார் வந்தார்கள், கூரை மாறியது! றொசானா மிஸ்ஸுக்குத் துணையாக இன்னொரு மருத்துவமாது வந்தார், இருவரும் இங்கேயே தங்குகிறார்கள்! மாத்திரை உறையில் தமிழ் வந்தது! கூரை வேலை நடக்கும்போதே, வார்ட்டின் ஒரு மூலையில், ஒழுகாத ஒரு கட்டிலில், பிரேமினி அக்காவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. பிறந்ததா? பிறந்தது! அழுததா? அழுதது! மேல் லயத்து வீடுகளுக்கும் கேட்கும்படி அழுதது! லயத்துக் கதவெல்லாம் திறந்து, "பிரேமினி புள்ளயாடி? அழுவுதாடி?" என்று சனம் ஓடி வரும்படி அழுதது!

கை தட்டுங்கள், தாய்மார்களே. உங்களுக்கே தட்டிக்கொள்ளுங்கள். இது பிச்சை கேட்டுக் கிடைத்தது அல்ல. இந்த நாட்டின் கஜானாவில் உங்கள் விரல் நுனியின் கறை இருக்கிறது. அதிலிருந்து வரும் ஆஸ்பத்திரியைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல உங்களுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

இனி, இன்னும் முடியாத ஒரு விஷயத்துக்கு வருகிறேன்.

டாக்டர் ஐயா இன்னும் பொழுது சாய்ந்ததும் டவுனுக்கு இறங்கிவிடுகிறார். அவர் மேல் பிழையில்லை. அவர் தங்க வேண்டிய விடுதிக்குக் கூரைத் தகரம் பறந்து போய்விட்டது. அந்த வீடு தோட்டத்துக்குச் சொந்தம், தோட்டம்தான் திருத்த வேண்டும் என்கிறது பணிமனை. குடியிருக்கப் போவது அரசாங்க டாக்டர், பணிமனைதான் திருத்த வேண்டும் என்கிறது தோட்டம். இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். மழை பேசுவதில்லை, பெய்துகொண்டே இருக்கிறது.

இன்றைக்குப் பணிமனையும் தோட்டமும் எங்கே? இதோ, ஒரே மேடையில், ஒரே மேசையில், ஒரே தண்ணீர்ப் போத்தலுக்கு இரண்டு பக்கமும் அமர்ந்திருக்கிறார்கள்! இதைவிட நல்ல நேரம் எப்போது வரும்?

நான் மட்டும் சொன்னால் இது சின்னப் பிள்ளையின் பேச்சாகிவிடும். தாய்மார்களே, முதுகு காட்டிச் சொல்லக் கற்றீர்கள். இன்று முகம் காட்டிச் சொல்லுங்கள். ஒரே ஒருவர் எழுந்தால் போதும்.

யாரும் எழவில்லையா?

...அக்கா! பிரேமினி அக்கா எழுந்துவிட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். வீரம்மா அத்தையும் எழுந்துவிட்டார்! வாருங்கள் அத்தை, நீங்களே சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்.

"தொர, நீங்க இருக்குறப்பவே சொல்றேன். அந்த வூட்டுக்குக் கூரயப் போட்டுக் குடுங்க. டாக்டர் ஐயா ராவுக்கும் இங்க இருக்கட்டும். எங்க புள்ளைங்க லொறியில பொறந்தது போதும்!"

முன்வரிசை எழுகிறது. நடுவரிசை எழுகிறது. அந்தா, தகப்பன்மார்களும் எழுகிறார்கள்! தம்பிமார்களே, நாற்காலி விழுந்தால் விழட்டும்!

கொஞ்சம் பொறுங்கள், துரை அவர்கள் அம்மையாரிடம் ஏதோ பேசுகிறார்கள். என்னைக் கூப்பிடுகிறார்கள்... சொல்லிவிடவா ஐயா? சொல்லிவிடுகிறேன். "தகரமும் மரமும் தோட்டம் தரும்" என்கிறார்கள் துரை அவர்கள்! "பாஸ் கூலி எங்கட பொறுப்பு, அடுத்த மழைக்கு முன்னுக்கு" என்கிறார்கள் அம்மையார் அவர்கள்! கேட்டீர்களா? மேல் லயத்துக்கும் கேட்டதா?

துரை அவர்களுக்கு நன்றி. அம்மையார் அவர்களுக்கு நன்றி. மலை ஏறிய றொசானா மிஸ்ஸுக்கு நன்றி. இன்னும் என்னை மேடையிலிருந்து இறக்காத அதிபர் ஐயாவுக்கு நன்றி. எல்லாவற்றுக்கும் மேலாக, பேசிய பெண்களே, உங்களுக்கு நன்றி.

உட்கார வேண்டாம், தாய்மார்களே. நீங்கள் நிற்பது இங்கிருந்து பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது தெரியுமா? நின்றபடியே உங்கள் பிள்ளையின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

வணக்கம்!