மூன்றாவது மாடலில் ஒரு சத்தம்

கார் வாங்க வருகிறவர்கள் யாரும் முதலில் என்ஜினைப் பார்ப்பதில்லை ஐயா. கதவைத் திறந்து சாத்திப் பார்க்கிறார்கள். ‘டப்’பென்று கனமாகச் சாத்தினால் முகம் மலர்ந்துவிடும். அந்த ‘டப்’பை எங்கள் வண்டிக்குக் கொண்டுவந்தவன் நான்.

சின்னக் காருக்கும் பெரிய முதலாளிகளின் காருக்கும் நடுவே, கையில் கொஞ்சம் வசதி வந்தவர்கள் வாங்கும் சொகுசுக் கார் எங்களுடையது. முதல் மாடலை ஊரே டிபன் பாக்ஸ் என்றது. இரண்டாவது நான் வடிவமைத்தது, எட்டு வருடம் சக்கைப்போடு போட்டது. மூன்றாவதை என் மனைவியின் தம்பியிடம் கொடுத்தார்கள். அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். அதற்காகக் கோபப்படலாமா? நான் படவில்லை.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். முந்தின மாடலைச் செய்தவர்தான் புது மாடலுக்குக் ‘காது’. உள்ளே வேண்டாத சத்தம் எதுவும் இல்லை என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி விற்பனைக்குப் போகும். மருமகளுக்கு மாமியாரிடம் நற்சான்று கேட்கிற ஏற்பாடு.

அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். பின்சீட்டில் முழங்காலுக்கு நாலு விரல் இடம் கூட்டியிருந்தான். கதவு என்னுடையதைவிட அழகாகச் சாத்தியது. உண்மையைச் சொன்னால் வயிறு எரிந்தது. ஆனால் அதற்காகச் செய்யவில்லை. எல்லாம் சுலபமாகக் கிடைத்தால் பையன் கெட்டுவிடுவான் என்றுதான், அவன் தினமும் ஓட்டும் சோதனைக் காரில், ஒயர் போகிற துளை வழியாக, முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே நிற்கும் தூணுக்குள் ஓர் இரும்புக் குண்டைப் போட்டேன். சுண்டைக்காய் அளவுதான். இடப்பக்கம் திரும்பினால் மட்டும் ‘டொக்’ என்னும்.

“மாமா, கேக்குதா?” என்றான்.

“எது மாப்ளே?”

“இப்பத்தான்... டொக்குன்னு.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

மற்றவர்களையும் ஏற்றி ஓட்டினான். ஏதோ கேட்ட மாதிரி இருந்தது என்றார் மேனேஜர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். ‘காது’ இல்லை என்ற பிறகு வெறும் காதுகளுக்கு என்ன மரியாதை?

டாஷ்போர்டைக் கழற்றினான், சீட்டுகளைக் கழற்றினான். தூணை அறுக்க மட்டும் தோன்றவில்லை. நாலு மாதத்தில், வீட்டு சோபாவில் இடப்பக்கம் சாய்ந்தாலும் கேட்கிறது என்று சொல்ல ஆரம்பித்தான். என் மனைவி அழுதாள். நல்ல மனநல ஆஸ்பத்திரியாகப் பார்த்து அவனைச் சேர்த்தது நான்தான்.

நான் கையெழுத்துப் போட்டேன். வண்டி வெளிவந்து விருது வாங்கியது. அவன் சார்பில் மேடையேறியதும் நான்தான். நாலாவது மாடலை என்னிடமே கொடுத்தார்கள். அதற்குக் காதாக இருக்க வேண்டியவன் படுக்கையில் இருப்பதால், அந்தப் பாரத்தையும் நானே சுமக்கிறேன்.

போன வாரம் அந்தப் பழைய சோதனைக் காரை உடைத்த மெக்கானிக் கையில் குண்டு கிடைத்தது. கம்பெனி விசாரணை என்று நீங்கள் கூப்பிட்டீர்கள், வந்தேன். போட்டது நான். கேட்டுக்கொண்டே கேட்கவில்லை என்றதும் நான்.

ஞாயிறுதோறும் அவனைப் போய்ப் பார்க்கிறேன். “நெஜமாவே கேக்கலையா மாமா?” என்பான். தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு வருவேன்.

ஒரே ஒரு வேண்டுகோள் ஐயா. இதை அவனிடம் இப்போது சொல்லிவிடாதீர்கள், பாவம், தாங்கமாட்டான். நாலாவது மாடல் வெளியே வரட்டும். நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.