ஊர் ஒன்று, சொல் ஒன்று

நடந்தேதான் வந்தேன், ஐயா. பெட்ரோல் பஞ்சத்தில் கரி எரித்து ஓட்டுகிற கரிவாயு பஸ்ஸின் புகை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. செஞ்சி ரோட்டில் மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேறு வேண்டும். ஸ்டேஷனுக்கு எதிரே காப்பி கிளப்பில் முகம் கழுவிக்கொண்டு, உங்கள் மாஜிஸ்டிரேட் கச்சேரி திறக்கும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை மிரட்டி அழைத்துவரவில்லை. நான் சொல்வது எனக்கு எதிராகவே சாட்சியாகும் என்று நீங்கள் எச்சரித்ததும் புரிந்தது. எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் சீனுவாசன். ஊர் கொத்தவாக்கம். இதே திண்டிவனத்தில் மூன்றாம் பாரம் வரை படித்தேன். பிறகு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை பார்க்கும் வேலை. பிரான்ஸ் தேசம் ஜெர்மனியிடம் விழுந்த வருஷம் புதுச்சேரியிலிருந்து கப்பல் போவது நின்றது. மூட்டைகள் கூரைவரை அடுக்கிக் கிடந்தன, வாங்க ஆள் இல்லை. என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு ஏர் பிடித்துப் பழக்கமில்லை. ஊரில் சும்மா திரிந்தேன். பஸ் கண்டக்டர் ஒருவர் முந்தின நாள் பேப்பரைக் கொடுப்பார். சாயங்காலம் களத்துமேட்டில் உட்கார்ந்து அதை உரக்கப் படிப்பேன். மல்லாட்டை விற்காமல் சோர்ந்து கிடந்த குடியானவர்கள் வந்து கேட்பார்கள். ஊருக்குள் பேப்பர் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சேரியில் இன்னொருவர் இருந்தார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு நாள் எங்கோ கடலில் கப்பல் மூழ்கிய செய்தியைப் படித்துக்கொண்டிருந்தேன். எதிரே பச்சைமுத்து என்கிற குடியானவர் கொட்டாவி விட்டார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. "அந்தக் கப்பலில் இருந்ததெல்லாம் நம் பக்கத்து மல்லாட்டை" என்று சேர்த்துப் படித்தேன். பேப்பரில் அது இல்லை.

"நம்ம மல்லாட்டையா?" என்று எழுந்து உட்கார்ந்தார். அன்றைக்கு இருட்டிய பிறகும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒரே ஒரு வரிதான் சேர்த்தேன், ஐயா. அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

நாற்பத்திரண்டில் அப்பாதுரை வந்தார். எங்கள் பங்காளி. ரங்கூன் துறைமுகத்தில் கூலிகளை மேய்த்த மேஸ்திரி. குண்டு விழுந்ததும் காட்டு வழியாக நடந்தே புறப்பட்டவர், மனைவியையும் மகளையும் வழியிலேயே புதைத்துவிட்டு வந்தார். அவருக்கு இனி இழக்க எதுவும் இல்லை. ஊர் அவரை ஒருவிதமான பயபக்தியோடு பார்த்தது. அவர் அதிகம் பேசமாட்டார். என் சொற்களை அவர் வாயில் வைத்தால் எப்படி இருக்கும் என்று நான்தான் முதலில் யோசித்தேன்.

அந்தச் சித்திரையில் ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னைப் பட்டணமே காலியானது உங்களுக்குத் தெரியும். திண்டிவனம், விழுப்புரம் ஸ்டேஷன்களில் சட்டிபானையோடு ஜனங்கள் படுத்துக் கிடந்தார்கள். எங்கள் ஊர் வழியாகவும் வண்டிகள் போயின. இரண்டு வீடுகளில் ஆடு காணாமல் போனது. அன்று சாயங்காலம் பேப்பரை மடித்துவிட்டு, "அப்பாதுரை அண்ணன் இருக்கும்போது நமக்கென்ன பயம்" என்றேன். மறுநாளே இளவட்டங்கள் தடியோடு அவர் வாசலில் நின்றார்கள்.

காவல் படை அப்படித்தான் பிறந்தது. திருட்டு நின்றது. இதை நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும், திருட்டு நிஜமாகவே நின்றது. நன்றிக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கேப்பை கொண்டுவந்து கொடுத்தார்கள். நாங்கள் கேட்கவில்லை. பிறகு கொடுக்காத ஒன்றிரண்டு வீடுகளை ஊரே ஒரு மாதிரியாகப் பார்த்தது. அதையும் நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதோடு, அங்கிருந்து வந்த மண்ணெண்ணெயும் போயிற்று. வருகிற கொஞ்சத்தைச் சண்டையில்லாமல் பங்கிட ஒருவர் வேண்டும். அப்பாதுரையிடம் கொடுத்தார்கள். அப்புறம் அரிசி. அப்புறம் யார் சந்தைக்குப் போகலாம், யார் வெளியூர் ஆளை வீட்டில் சேர்க்கலாம் என்பது. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது, ஐயா. இப்போது நினைத்தாலும் எந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்பது பிடிபடவில்லை.

பேப்பர் படிக்கும் முன் எல்லோரும் எழுந்து நின்று "ஊர் ஒன்று, சொல் ஒன்று" என்று சொல்வது நான் கொண்டுவந்த வழக்கம். முதலில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஒரு மாதத்தில் சிரிப்பு நின்றது. வாயை மட்டும் அசைக்கிறவர்களைப் பற்றி அடுத்த வீட்டுக்காரர்களே வந்து சொன்னார்கள். நாங்கள் வேவுக்கு ஆள் வைக்கவே இல்லை. வந்து சொல்பவர்களைப் பொறுமையாகக் கேட்டோம், அவ்வளவுதான். கிணற்றடியில் சண்டை போட்ட இரண்டு பெண்கள் தனித்தனியாக வந்து ஒருத்தி மேல் ஒருத்தி ஒரே குற்றத்தைச் சொன்னபோது, அப்பாதுரை என்னைப் பார்த்தார். இரண்டு வீட்டுக்கும் மண்ணெண்ணெயை நிறுத்தினோம். அதன் பிறகு கிணற்றடியில் பேச்சுச் சத்தமே கேட்கவில்லை.

மணியக்காரர் சுப்பராயலு ஒருவர்தான் கேட்டார். "இன்னாடா இது கூத்து? சர்க்கார்னு ஒண்ணு இருக்குதா இல்லியா?" என்றார். நாங்கள் அவரைத் தொடவில்லை. அவர் வயலில் நெல் முற்றி நின்றது. ஒரு ஆளும் அறுப்புக்குப் போகவில்லை. கதிர் உதிர ஆரம்பித்ததும் அவரே ஒரு சாயங்காலம் களத்துமேட்டுக்கு வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நின்று, மற்றவர்களோடு சேர்ந்து சொன்னார். மறுநாள் அறுப்புக்கு ஆள் போயிற்று. அன்று படுக்கும்போது எனக்கு இனம் தெரியாத சந்தோஷம் இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

இனி இருதயராஜ். சேரியில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அப்போதெல்லாம் அவன் என்றுதான் சொல்வேன். இப்போது அவர் என்று வருகிறது. என்னை ஐயா என்று கூப்பிடமாட்டார். பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார், மரியாதையாகத்தான். அவருக்கும் மிஷனிலிருந்து பேப்பர் வரும். ஒரு நாள் ஓடைக்கரையில் என்னை நிறுத்தினார்.

"சீனுவாசன், ஜப்பான்காரன் புதுச்சேரிகிட்ட எறங்கிட்டான்னு நேத்து படிச்சீங்களாமே. பேப்பர்ல அப்படி ஒண்ணும் இல்லீங்களே."

"உன் பேப்பர் வேற, என் பேப்பர் வேற" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதாங்க. பட்டணத்துக்காரங்களே திரும்பிப் போய்க்கினு இருக்கறாங்க. ஜனங்க பயந்துகினு கெடக்குதுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க, இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு களத்துமேட்டில் ஆள் குறைந்தது. சேரியாட்கள் அவரிடம் கேட்டுக்கொண்டார்கள். ஊர்க்காரர்களில்கூடச் சிலர் வேலிப்பக்கம் நின்று கேட்டதாகத் தகவல் வந்தது. அதைவிட மோசமான செய்தி ஒன்றும் வந்தது. பொழுது சாய்ந்ததும் அவர் ஒரு லாந்தரை எடுத்துக்கொண்டு, பாறை மேட்டுக்குப் போய், கூலிவேலை முடித்து வருகிற பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். ஏழெட்டுப் பேர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள்.

அந்த லாந்தர் எதற்கென்று எனக்குத் தெரியும். மறைவாக நின்று என் கண்ணால் பார்த்தேன். மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் பேப்பரை விரித்து, கரையோரக் கிராமங்களில் துரோகிகள் மேட்டின் மேல் ஏறி எதிரி விமானத்துக்கு விளக்குக் காட்டுகிறார்கள் என்று படித்தேன். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். படித்துவிட்டுப் பேப்பரை மடித்தேன். பிறகு பச்சைமுத்து, "அப்பன்னா பாறை மேட்டு லாந்தரு?" என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

அப்பாதுரைக்கே தயக்கம் இருந்தது. தனியாகக் கூப்பிட்டு, "வாத்தியாரு பாவம்டா. நாலு தட்டு தட்டி வெரட்டிடலாம்" என்றார்.

"வெரட்டினா திண்டிவனத்துல போய் சொல்லுவான். செய்யறதுன்னா ஊரே செய்யணும். வூட்டுக்கு ஒரு ஆளு, ஆளுக்கு ஒரு அடி. அப்ப எவனும் வாயத் தொறக்கமாட்டான்" என்றேன்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். ரங்கூனில் அத்தனை சாவு பார்த்தவர், என்னைப் பார்த்துத்தான் கொஞ்சம் பின்வாங்கினார். ஆனாலும் சரி என்றார்.

மறுநாள் சூரியன் இறங்கும் நேரத்தில் பாறை மேட்டுக்குப் போனோம். வீட்டுக்கு ஒருவர் வந்தார்கள். மணியக்காரரும் வந்தார். படிக்க வந்தவர்கள் கூட்டத்தைக் கண்டு ஓடினார்கள். வாத்தியார் ஓடவில்லை. லாந்தரைக்கூட இன்னும் ஏற்றவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு என் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார்.

"அதக் கொஞ்சம் குடுங்க சீனுவாசன். எங்க போட்டிருக்குதுன்னு நானே படிக்கிறேன்" என்று கையை நீட்டினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கொடுத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். நான் பேப்பரை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஊர் ஒன்று" என்றேன். "சொல் ஒன்று" என்றார்கள். முதல் அடி பச்சைமுத்துவினுடையது. நான் தடியைத் தொடவில்லை. கடைசியில் உடலைக் கல் உடைத்த பள்ளத்துத் தண்ணீரில் போட்டார்கள்.

அவர் மனைவி பெயர் பொன்னி. இரண்டு பிள்ளைகள். சேரிக்குப் போகிற அரிசியும் மண்ணெண்ணெயும் எங்கள் கையில்தானே, அவள் வீட்டுக்கு மட்டும் நிறுத்தினோம். வேலைக்கும் ஒருவரும் கூப்பிடவில்லை. ஒரு வாரம் தாங்கினாள். பிறகு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"புள்ளைங்க கூழுகூட இல்லாம கெடக்குதுங்க, ஐயா. இன்னா சொல்லணும்னு சொல்லுங்க, சொல்லிட்றேன்."

நான் அவளிடம் கடுமையாகப் பேசவில்லை. உட்காரச் சொன்னேன், தரையில் உட்கார்ந்தாள். "என் புருஷன் பகைவருக்கு விளக்குக் காட்டினான். ஊர் செய்தது நியாயம்" என்று எழுதி, அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தேன். சாயங்காலம் களத்துமேட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"எம் புருஷன் பகையாளிக்கு" என்றாள்.

"பகைவருக்கு" என்று திருத்தினேன்.

திரும்பவும் பகையாளி என்றே வந்தது. பிள்ளைகள் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றன. மூன்றாந்தரமும் திருத்தினேன். கூட்டம் காத்திருந்தது. கடைசியில் சரியாகச் சொன்னாள். அன்றைக்கே ஒரு மரக்கால் கேப்பை அளந்து கொடுக்கச் செய்தேன். என்னைப் பாவி என்று நினைக்கிறவர்கள் அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மாதங்கள் போயின. வாத்தியாரைக் காணோம் என்று மிஷன் சாமியார் மனுக் கொடுத்து, போன வாரம் இன்ஸ்பெக்டர் வந்தார். வீடு வீடாகக் கேட்டார். மணியக்காரர் தெரியாது என்றார். பச்சைமுத்து, வாத்தியார் கால் தவறிப் பள்ளத்தில் விழுந்திருப்பார் என்றார். ஒருவரும் கூடிப் பேசிக்கொள்ளவில்லை, ஐயா. எதைச் சொல்ல வேண்டும் என்பது ஆளாளுக்குத் தானாகவே தெரிந்திருந்தது.

கடைசியாகப் பொன்னியைக் கேட்டார். சுற்றிலும் நின்ற எங்களை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தித்தான் கேட்டார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"பயப்படாத சொல்லும்மா. உனக்கு நான் இருக்கறேன். உன் புருஷனுக்கு இன்னா ஆச்சு?"

பிறகு அவள் குரல் வந்தது. "என் புருஷன் பகைவருக்கு விளக்குக் காட்டினான். ஊர் செய்தது நியாயம்."

தடங்கலே இல்லை. ஒரு எழுத்துப் பிசகவில்லை. எனக்கு முதலில் வந்தது வெட்கமில்லை, ஐயா. சொல் சரியாக வந்துவிட்டதே என்கிற நிம்மதி. வாத்தியார் பிள்ளையை மெச்சுவதுபோலத் தலையைக்கூட ஆட்டினேன். ஆட்டியது தெரிந்ததும் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். ஊர் செய்தது என்று அவள் சொல்லிவிட்டாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. இன்ஸ்பெக்டர் வெளியே வந்து, "ஊரு இன்னா செஞ்சுது?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்பாதுரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அதிலிருந்து களத்துமேட்டில் பேப்பரை விரித்தால் எழுத்து மேல் எழுத்து ஏறிக்கொள்கிறது. என் மனைவி அஞ்சம்மாளிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "நீங்க செஞ்சது நியாயங்க" என்றாள். அவள் முகத்தில் இருந்தது பயம். என் வீட்டுக்குள் என்னைப் பார்த்து அந்தப் பயம். அதற்கு மேல் அங்கே இருக்க முடியவில்லை.

ஆகவே எழுதுங்கள். மிஷன் வாத்தியார் இருதயராஜைக் கொன்றது நான். அடித்தவர்கள் அத்தனை பேரும் என் நாக்கால் அடித்தார்கள். அவர் எந்த விமானத்துக்கும் விளக்குக் காட்டவில்லை. இதில் வற்புறுத்தல் எதுவும் இல்லை, கையெழுத்துப் போடுகிறேன்.

தண்டனை என்னவென்று தெரியும், அதைப் பற்றி விண்ணப்பம் ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். பொன்னிக்கும் மற்றவர்களுக்கும் இந்த வாக்குமூலத்தை ஊரில் வைத்துப் படித்துக்காட்ட வேண்டும். கான்ஸ்டபிள் யாராவது படித்தால் மென்று விழுங்கிவிடுவார், ஜனங்களுக்கு விளங்காது. விலங்கு போட்டாவது என்னை அழைத்துப் போங்கள், நானே படிக்கிறேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும்.