ஆர்வம்னுதானே போட்டிருக்கு!

சரி... புள்ளிவிவரத்தை ஒரு ஓரமா வச்சிடுவோம். ஒரு அம்மாவைப் பத்திச் சின்னதா ஒரு கதை சொல்றேன், கேளுங்க. இந்த மண்டபத்துல உட்கார்ந்திருக்கற உங்களை மாதிரி கல்லூரி ஆசிரியர்தான்.

பேரு அமலோற்பவம். தாவரவியல். தனியார் கல்லூரி ஒண்ணுல தொகுப்பூதிய வேலை. அப்படின்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? மே மாசம் வேலை போயிடும்... ஜூன்ல கூப்பிட்டா உண்டு. அந்தத் துறையில ஒரு நிரந்தர இடம் வரப்போகுதுன்னு பேச்சு இருந்துச்சு. அதை நம்பித்தான் அந்த அம்மா வருஷாவருஷம் ஜூனுக்காகக் காத்திருந்தாங்க.

அவங்க முனைவர் பட்டம் வாங்கினது எதுல தெரியுமா? கல்பாசியில. பாறையிலயும் மரப்பட்டையிலயும் சாம்பல் நிறத்துல படர்ந்திருக்குமே... அதுதான். பூஞ்சையும் பாசியும் ஒண்ணா வாழுற உயிர். காத்து கெட்டுப்போனா முதல்ல சாகிறது அதுதான். அதுக்காக அந்த அம்மா கொல்லிமலையில அட்டைக்கடி பட்டு அலைஞ்சிருக்காங்க. பஸ் ஸ்டாண்டுல நின்னாக்கூட பக்கத்து வேப்பமரத்துல லென்ஸ் வச்சுப் பார்ப்பாங்க. பஸ் போயிடும். அவ்வளவு பைத்தியம்.

இப்ப, கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வரப்போகுது. முதல்வர் தணிகாசலம் எல்லாரையும் கருத்தரங்கக் கூடத்துல உட்கார வச்சுட்டார். கல்லூரி இணையதளத்துல ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு பக்கம் இருக்குமில்ல? படிப்பு, பட்டம், ஆராய்ச்சி ஆர்வம்... அதைத் திரையில ஒண்ணொண்ணா ஓட்டுறாங்க. அமலோற்பவம் பக்கம் வந்துச்சு. முதல்வர் நிறுத்தச் சொன்னார்.

"கல்பாசியா? ஏம்மா... இது பிரியாணிக்குப் போடறதுதானே?"

கூடமே சிரிச்சுது. பின்வரிசையிலேருந்து ஒரு குரல், "பட்டையும் கிராம்பும் யாரு சார் பார்க்கறா?" மறுபடியும் சிரிப்பு.

(நீங்களும் சிரிக்கறீங்க... சிரிங்க, சிரிங்க.)

"குழு பார்த்தா நல்லா இருக்காதும்மா. நானோ தொழில்நுட்பம்னு போட்டுருங்க."

"சார்... நானோவில எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"யாரும்மா கேட்கப்போறா? ஆர்வம்னுதானே போட்டிருக்கு... அறிவுன்னா போட்டிருக்கு?"

அதுக்கும் சிரிப்பு. அந்த அம்மா என்ன செய்வாங்க? முறைச்சுக்கிட்டா ஜூன்ல யாரு கூப்பிடுவா? "சரிங்க சார்"னு உட்கார்ந்துட்டாங்க. கணினிப் பிரிவு ஹசீனா அங்கேயே மாத்திட்டாங்க. கல்பாசி போச்சு... நானோ வந்துச்சு.

குழு வந்தது, பார்த்தது, போனது. அடுத்த வருஷம் நிஜமாவே அந்த நிரந்தர இடம் வந்துச்சு. நேர்காணல். முதல்வர் நடுவுல உட்கார்ந்திருக்கார். பக்கத்துல பல்கலைக்கழகத்துலேருந்து வந்த நிபுணர். அவர் நல்ல மனுஷர், ஒழுங்காப் படிச்சுட்டு வந்திருந்தார். அதுதான் வினையாப்போச்சு.

"உங்க பட்டம் கல்பாசியில. கட்டுரைகள் எல்லாமே கல்பாசியில. பிரமாதமான வேலை. ஆனா கல்லூரிப் பக்கத்துல ஆர்வம் நானோன்னு இருக்கே... நானோவில என்ன செஞ்சிருக்கீங்க?"

அந்த அம்மா முதல்வரைப் பார்த்தாங்க. முதல்வர்... பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கிட்டிருந்தார்.

"சார்... கல்பாசிதான் சார் என் ஆர்வம்."

"அப்ப அங்க போட்டிருக்கறது பொய்யா?"

என்ன சொல்லுவாங்க? ஆமான்னு சொன்னா பொய்க்காரி. இல்லைன்னு சொன்னா ஒண்ணும் தெரியாதவ. யார் சொல்லிப் போட்டதுன்னு சொல்லலாம்... சொன்னா, தொகுப்பூதிய வேலையும் போகும். சான்றிதழ்களை அடுக்கி எடுத்துக்கிட்டு எழுந்துட்டாங்க. இடம் வேற ஒருத்தருக்குப் போச்சு.

வெளியில வந்து முதல்வர் ஆறுதல் சொன்னாராம். "நானோ பத்தி ரெண்டு பக்கமாவது படிச்சு வச்சிருக்கலாமேம்மா..."

கதை அதோட முடிஞ்சிருந்தாக்கூட நான் இங்க வந்து சொல்லியிருக்கமாட்டேன். அதுக்கு அடுத்த ஜூன்ல ஹசீனா அவங்ககிட்ட வந்து கேட்டாங்க.

"மேடம், பக்கத்தைப் புதுப்பிக்கறோம். ஆராய்ச்சி ஆர்வம்னு என்ன போடட்டும்?"

"உங்களுக்கு எது தேவையோ அதைப் போட்டுக்கம்மா."

ஹசீனாவுக்கு மனசு கேட்கலை. குரலைத் தாழ்த்திக்கிட்டு, "கல்பாசியே திரும்பப் போட்டுரட்டுமா மேடம்? யாரும் கவனிக்கமாட்டாங்க."

"வேண்டாம்மா... சிரிப்பாங்க."

...

ஏன் இதைச் சொல்றேன்? தணிகாசலத்தைத் திட்டறதுக்கா? அவரைத் திட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாம், சுலபம். அவரும் ஒரு காலத்துல எதையோ லென்ஸ் வச்சுப் பார்த்தவராத்தான் இருக்கணும். அவர் பக்கத்துலேருந்து அதை யாரு அழிச்சாங்களோ... எனக்குத் தெரியாது.

நான் சொல்ல வந்தது அந்தக் கூடத்தைப் பத்தி. அங்க உட்கார்ந்து சிரிச்சவங்க யாரு? எல்லாரும் முனைவர்கள். ஒவ்வொருத்தரும் தவளையோ கல்வெட்டோ உப்புநீரோ, ஏதோ ஒண்ணுக்காகத் தூக்கம் கெட்டவங்க. தன் பக்கம் திரையில வர்றவரைக்கும் சிரிச்சாங்க. தன் பக்கம் வந்ததும் "சரிங்க சார்"னாங்க. இன்னைக்கு அந்தக் கல்லூரிப் பக்கங்களைத் திறந்து பாருங்க... எல்லாருக்கும் ஒரே ஆர்வம். ஒரு ஆளுக்கும் ஆர்வம் இல்லை.

இது மாறும்னு சொல்லி உங்களைக் கைதட்ட வைக்கலாம். சொல்லமாட்டேன். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஏன்னா... பிரியாணின்னு நான் சொன்னப்ப இந்த மண்டபம் சிரிச்சுதே, அதை நான் கேட்டேன்.

காத்து கெட்டா முதல்ல சாகிறது எதுன்னு சொன்னேன்?

அமலோற்பவம் இப்பவும் பாடம் நடத்துறாங்க. இப்ப பஸ்ஸைத் தவற விடறதே இல்லையாம்.