குண்டம்மாவின் பிரேக்கில் காற்று வந்த வழி

நேற்று நீங்கள் கேட்டுக் கேட்டு இரண்டு முறை வாங்கிக் குடித்த காபியில் பாதி வறுத்த பட்டாணி, ஃபெர்மின் அண்ணா. ரேஷனில் வருவதே அப்படித்தான் என்று உங்களுக்கும் தெரியும். இருந்தும் "தங்கச்சி கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்றீர்கள். ஒன்று பிடித்துப் போய்விட்டால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று மனிதர்கள் பார்ப்பதில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று தொப்பியைச் சுருட்டிக்கொண்டே ஒன்று கேட்டீர்கள்.

"ஒவிதியோ போய்ச் சேர்ந்துட்டான். எனக்கும் அடுத்த மாசம் நெஞ்சைத் திறக்கப் போறாங்க. மூடுவாங்களோ மாட்டாங்களோ தெரியாது. நீயாவது சொல்லு தங்கச்சி, அந்த பிரேக்ல காத்து எங்கேருந்துதான் வந்துச்சு?"

"பழைய கார்தானே அண்ணே" என்றேன். நீங்கள் தலையை ஆட்டிவிட்டுச் சரிவில் இறங்கிப் போனீர்கள். ஏழு வருடமாக ஒரே கேள்வியோடு படுத்து எழுந்தவரின் நடை அது. அதனால்தான் காலையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். நூலகத்தில் இருபத்தெட்டு வருடம் இருந்தவள் நான். எனக்குப் பேச்சைவிட எழுத்து கொஞ்சம் நேர்மையாக வரும்.

குண்டம்மாவை என் கணவர் ஒவிதியோவுக்கு அவருடைய அப்பா விட்டுப்போனார். ஐம்பத்திரண்டாம் வருடத்துக் கார், பச்சை நிறம், இந்தத் தெருவின் பாதி அகலம். அவளுக்கு எல்லா நோயும் உண்டு என்றாலும் பெரிய நோய் பிரேக்தான். சந்தியாகோ நகரத்தில் எல்லாத் தெருவும் சரிவு. நம் தெரு சரிவிலும் சரிவு. மேலே எங்கள் வீடு, அடிவாரத்தில் உங்கள் பட்டறை. பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்து பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால், இங்கே கார் வாசலோடு நிற்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் நீங்கள் இரண்டு பேரும் காற்று எடுப்பீர்கள். நீங்கள் ஓட்டுநர் இருக்கையில், அவர் சக்கரத்தின் பின்னால் தரையில்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"பிடி."

"பிடிச்சாச்சு. சீக்கிரம்டா, எனக்குக் கால் மரத்துப் போகுது."

"உனக்கு மூளை மரத்தே நாப்பது வருஷம் ஆச்சு, அதுக்கு நான் அவசரப்பட்டேனா?"

நீங்கள் பெடலைப் பிடித்திருக்கும்போது அவர் ஸ்பேனரால் சின்னத் திருகை அரைச் சுற்றுத் திறப்பார். எண்ணெயோடு காற்றுக் குமிழும் வெளியே வரும். அவர் மூடிவிட்டு "விடு" என்பார். பிறகுதான் நீங்கள் காலை எடுப்பீர்கள். இப்படி நான்கு சக்கரம், இடையில் சிரிப்பு. நான் காபி கொண்டுவந்தால் சிரிப்பு நின்றுவிடும். "என்ன விஷயம்?" என்றால் "ஒண்ணுமில்ல" என்பார். வீட்டுக்குள்ளும் அதிகம் பேச மாட்டார். "உப்பு", "செய்தித்தாள்", "மழை வரும்." முப்பது வருடம் இந்த மூன்றையும் வைத்துக் குடித்தனம் நடத்தினேன். குறை சொல்லவில்லை.

அப்புறம் ஒரு மே மாதம் உங்களுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. "எமெரிதா, வந்து மிதி. உனக்கும் கால் இருக்குல்ல" என்று கூப்பிட்டார். போய் உட்கார்ந்தேன்.

முகம் பார்க்க வேண்டாத இடத்தில் படுத்திருக்கிற ஆண்பிள்ளை எவ்வளவு பேசுவான் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சின்ன வயதில் கோழிக்குப் பயந்ததைச் சொன்னார். இப்போதும் பயமாம். நான் கொல்லையில் கோழி வளர்த்த அத்தனை வருடமும் அவர் முன்வாசல் வழியாகச் சுற்றி வந்தது அதனால்தான். "யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார். "ஃபெர்மின் அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "அவனுக்கு எப்பவோ தெரியும்" என்றார்.

அடுத்த வாரம் உங்கள் முழங்கால் சரியாகிவிட்டது. வந்து பெடலை மிதித்துப் பார்த்தீர்கள். "அட, கல்லு மாதிரி நிக்குதே. தங்கச்சி கால்ல வரம் இருக்குடா." இரண்டு பேரும் டோமினோ ஆடப் போய்விட்டீர்கள். நான் காபித் தட்டோடு நின்றேன். என் வேலை சுத்தமாக இருந்ததால் எனக்கு வேலை இல்லாமல் போயிற்று.

எங்கள் நூலகத்தில் கார் பராமரிப்பு பற்றி ஒரு தடித்த புத்தகம் இருந்தது. உங்கள் இருவரில் யாரும் அதைத் திறந்ததில்லை. பிரேக் அத்தியாயத்தில் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை: திருகை மூடும் முன் பெடலை விடக் கூடாது, விட்டால் சக்கரம் காற்றைக் குடித்துவிடும். எச்சரிக்கை என்பது ஒரு வகையில் செய்முறையும்தான்.

முதலில் உங்கள் வேலையில்தான் கை வைத்தேன். நீங்கள் புது ரப்பர் போட்டு, ஆமணக்கெண்ணெயும் சாராயமும் கலந்த உங்கள் பிரேக் எண்ணெயை ஊற்றிக் கொடுத்தீர்களே, மறுநாள் அவர் குளிக்கும்போது பின் சக்கரத்துத் திருகை அரைச் சுற்றுத் திறந்தேன். போய் ஒரு மிதி மிதித்துக் காலை எடுத்தேன். வந்து மூடினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மூன்று தடவை நீங்கள் சரிசெய்தீர்கள், மூன்று தடவையும் நான் கை கழுவினேன்.

பிறகு டோமினோ மேசையில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது.

"என்னடா வேலை பண்ற? மிதிச்சா கால் தரையில போய் முட்டுது."

"என் கையைக் குறை சொல்லாத மச்சான். உன் காரு உன்னை மாதிரியே. வெளியில உறுதி, உள்ள வெறும் காத்து."

"இனிமே உன் நிழல் என் காரு மேல விழக் கூடாது."

அவர் மேசையைக் கவிழ்த்தார். உங்களுக்கு வந்திருந்த இரட்டை ஆறு என்ற பெரிய காயையும் சேர்த்து. அதன்பின் தெருவில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "ஃபெர்மின்கிட்ட பிரேக் குடுத்தா நேரா கடல்லதான் நிக்கலாம்" என்றார். உங்கள் பட்டறைக்கு வந்த கார்கள் வேறு பட்டறைக்குப் போயின. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. உங்கள் பிறந்தநாளுக்கு கொய்யா அல்வா கொடுத்தனுப்பினேன். அத்தோடு சரியாகப் போயிற்று என்று நினைத்தேன்.

அப்புறம் ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகள், பெடலில் என் கால். எனக்கு ஸ்பேனர்கூடத் தேவைப்படவில்லை. அவர் "விடு" என்பதற்கு ஒரு மூச்சு முன்னால் காலைத் தளர்த்தினால் போதும். பாவம், அவர் பார்க்காத வைத்தியம் இல்லை. ரஷ்யக் காரிலிருந்து மாஸ்டர் சிலிண்டர் எடுத்து மாட்டினார். குழாய்களை மாற்றினார். எண்ணெய் கிடைக்காதபோது ஷாம்பு ஊற்றினார். குண்டம்மா ஒரு மாதம் பூ மணத்தோடு வாசலில் நின்றாள். கடைசியில் எதிர்வீட்டுக்காரி கண்ணு பட்டுவிட்டது என்று பெடலில் சிவப்பு நாடா கட்டினார். காற்று நாடாவுக்குப் பயப்படவில்லை.

ஒருநாள் எவனோ ஒருவன் ஒற்றை ஆளாகக் காற்று எடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டான். திருகில் ஒரு குழாய், குழாயின் மறுமுனை எண்ணெய் ஊற்றிய கண்ணாடி ஜாடிக்குள். ஆள் துணை வேண்டாம். "இனிமே உன்னை வெயில்ல உக்கார வைக்க வேணாம் எமெரிதா" என்றார். அவ்வளவு அன்பாக அவர் பேசியது குறைவு. அன்று மாலை ஜாடி கைதவறி உடைந்தது. அடுத்த ஜாடியும். நம் ஊரில் காலி ஜாடி கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். மூன்றாவதை நான் ஒளித்துவைத்தேன்.

இதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெடல் கல்லாக இருந்தால் அவர் அந்தச் சரிவில் இறங்குவார். பஞ்சாக இருந்தால் வாசலிலேயே இருப்பார். வாசலில் படுத்திருந்து யாரும் விபத்தில் செத்ததில்லை. நான் அவர் உயிரைக் காப்பாற்றினேன். ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு ஞாயிறும்.

பிப்ரவரியில் கடைசி ஞாயிறு. அவருக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் எழுந்து உட்கார்ந்து இளைப்பாறினார். திரும்ப அவரைத் தரையில் படுக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் அன்று மட்டும் "விடு" என்ற பிறகே விட்டேன். நான்கு சக்கரத்துக்கும்.

அவர் வந்து மிதித்துப் பார்த்தார். பெடல் மேலேயே நின்றது. ரொம்ப நேரம் காலை எடுக்கவில்லை.

"அவன் கை படாமலே ஆறு வருஷம் காத்து புகுந்துச்சே. ஃபெர்மின் மேல அநியாயமாப் பழி போட்டுட்டேன்னு நினைக்கிறேன்" என்றார்.

"நடந்து போய்ச் சொல்லிட்டு வாங்களேன்."

"நடந்து போனா மன்னிப்புக் கேக்க வந்த மாதிரி இருக்கும். கார்ல போய் அவன் வாசல்ல ஒரே மிதியில நிறுத்தினா, ஒரு வார்த்தை பேச வேணாம். அவனுக்குப் புரிஞ்சிடும்."

திங்கட்கிழமை காலை சலவைச் சட்டை போட்டார். ஒரு புட்டி ரம் வாங்கி முன் இருக்கையில் வைத்திருந்தார். அவர் முகம் மழிக்க உள்ளே போனபோது நான் வெளியே போனேன். பின் சக்கரம், வலது பக்கம். அரைச் சுற்று, ஒரு மிதி.

அவர் ஏறி உட்கார்ந்து மிதித்தார். கால் தரை வரை போயிற்று. திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "சரி, ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்று சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். நான் காபி போட்டேன்.

வியாழக்கிழமை முடிதிருத்தும் நாற்காலியில், தலையில் ஒரு பக்கம் வெட்டி முடித்திருந்தபோது போய்விட்டார். மறுபக்கத்தை நான் வீட்டில் வெட்டிவிட்டேன். அவரை எடுத்துப் போனபோது நீங்கள் எதிர் நடைபாதையிலேயே நின்றீர்கள். தொப்பியை மட்டும் எடுத்தீர்கள். நான் கூப்பிட்டிருக்கலாம். என் கையில் இன்னும் எண்ணெய் வாசம் இருப்பதுபோல் இருந்தது.

ஆக, காற்றை விட்டது நான். உங்கள் ரப்பரும் எண்ணெயும் கையும் சுத்தம். இந்தக் கடிதத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள், நான் மறுக்க மாட்டேன். ரம்மையும் கொடுத்தனுப்புகிறேன், அது உங்களுக்கு வாங்கியது. இரண்டு விரல் அளவு குறைந்திருக்கும், அது நான்.

உங்கள் இரண்டு பேரையும் பிரிக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, அண்ணா. எனக்கு அந்த இருக்கை மட்டும்தான் வேண்டியிருந்தது. அதில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு, ஒளித்துவைத்த ஜாடியை எடுத்து நானே நான்கு சக்கரத்துக்கும் காற்று எடுத்தேன். எட்டு மாதமாகப் பெடல் கல். ஞாயிறு தோறும் போய் உட்கார்ந்து மிதிப்பேன். "மிதிச்சாச்சு" என்பேன். கீழேயிருந்து ஒன்றும் வராது.

நேற்று நீங்கள் இறங்கிப் போகும்போதுகூட மிதித்துப் பார்த்தேன், கல்லாகத்தான் இருந்தது. இன்று காலை, இதை எழுத உட்காரும் முன் மிதித்தேன். கால் தரை வரை போகிறது. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரோடு வாருங்கள், நான் மிதிக்கிறேன். குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள், கீழே பாய் விரித்து வைக்கிறேன், படுத்துக்கொண்டே பேசலாம்.

எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. பழைய கார்தானே அண்ணா, காற்று தானாகவே புகுந்துவிடுகிறது.